பகல் கணக்கை விடுங்கள், ராத்திரிக் கணக்கைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வெயில் சிறப்பு

பதில் சொல்பவர் தில்லியில் வானிலைப் பதிவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கும்பகோணம், இருப்பது மயூர் விஹார்.

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் வெயில்தான். ஜாதகத்தில் சூரியன் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்டிருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். வானத்தில் இருக்கிற சூரியனைப் பற்றி மட்டும் இங்கே.

கேள்வி: சார், உலகம் சூடாகும் வேகத்தைவிட ஆசியா இரண்டு மடங்கு வேகமாகச் சூடாகிறது என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியென்றால் நம் தில்லியும் இரண்டு மடங்கா?
— ஆர்.கே.புரம் வாசகர்

பதில்: உலக வானிலை அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட ஆசிய அறிக்கையில் உள்ள விஷயம் அது. ‘கிட்டத்தட்ட இரண்டு மடங்கு’ என்று சொன்னார்கள். 2024-இல் ஆசியாவின் சராசரி, 1991 முதல் 2020 வரையிலான சராசரியைவிட 1.04 டிகிரி அதிகம். செய்தியில் தப்பில்லை. ஆனால் ஆசியா என்றதும் உங்களுக்கும் எனக்கும் ஞாபகம் வருவது தில்லி ஐ.டி.ஓ. சிக்னலில் நிற்கிற வெயில். அறிக்கை எழுதியவர்களின் ஆசியா ஆர்க்டிக் கடற்கரை வரை போகிறது.

பூமியில் பத்தில் ஏழு பங்கு கடல். கடல் சூட்டை வாங்கி ஆழத்துக்கு இறக்கிவிடும், கொஞ்சத்தை ஆவியாக்கியும் தீர்த்துவிடும். நிலத்துக்கு அந்த வசதி கிடையாது, வாங்கியதை மேலேயே வைத்திருக்கும். உலக சராசரியைக் கடல் கீழே இழுக்கும்போது, இவ்வளவு பெரிய நிலத்துண்டான ஆசியா அதைத் தாண்டி ஓடுவதில் ஆச்சரியமில்லை. அப்புறம் சைபீரியா. வெள்ளைப் பனி மூடிய தரை வெயிலைத் திருப்பி அனுப்பும். பனி சீக்கிரம் உருகிவிட்டால் கறுப்பு மண் வெயிலைக் குடிக்கும். அதனால் இன்னும் பனி உருகும். வெர்கோயான்ஸ்க் என்று அங்கே ஓர் ஊர். குளிர்காலத்தில் மைனஸ் 60-க்கும் கீழே போன ஊர். 2020 ஜூன் 20 அன்று அங்கே 38 டிகிரி பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அதுவரை அளந்ததிலேயே அதுதான் அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சரிபார்த்துச் சொன்னது. 38 என்பது நம் சென்னையில் சாதாரண மே மாதம்.

இந்தியா அந்த வேகத்தில் ஓடவில்லை. 1901-இலிருந்து 2018 வரை நாட்டின் சராசரி ஏறியது சுமார் 0.7 டிகிரி என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. நாம் ஏதோ புண்ணியம் செய்ததால் என்று நினைக்க வேண்டாம். நம் தலைக்கு மேல் நிற்கிற புகையும் தூசியும் வெயிலில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகின்றன. பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம் முழுக்க பம்ப் போட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். அந்த ஈரம் ஆவியாகிக் கொஞ்சம் தணிக்கிறது. நவம்பரில் நம் நுரையீரலைக் கெடுக்கிற அதே அழுக்கு, மேலே நின்று குடை பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்று சுத்தமானால் அந்தக் குடை மடங்கும், மறைந்திருந்த சூடு தெரியும். அதற்காகக் காற்றை அழுக்காகவே விட்டுவைக்கலாம் என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். நிலத்தடி நீரும் இப்படியே வந்துகொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

நாம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சைபீரியாக்காரருக்கு மூன்று டிகிரி ஏறினால் ஸ்வெட்டரைக் கழற்றுவார். 45-இல் நிற்கிற நமக்கு ஒரு டிகிரி ஏறினாலே கழற்ற ஒன்றும் மிச்சமில்லை.

கேள்வி: இந்தத் ‘தட்பவெப்ப மாற்றம்’ எல்லாம் பெரிய வார்த்தை. நான் 1960-களிலிருந்து கரோல் பாகில் இருக்கிறேன். அப்போதும் 45, 46 அடித்தது. என்ன புதிதாக வந்துவிட்டது?
— கரோல் பாக், மூத்த வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது உண்மை, அண்ணா. இன்னும் வலுவாகவே சொல்லலாம். தில்லியின் முதன்மை வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் இன்றுவரை பதிவான உச்சம் 47.2. அது 1944 மே 29-ஆம் தேதி. வெள்ளைக்காரன் காலத்து சாதனை, இன்னும் யாரும் உடைக்கவில்லை. ராஜஸ்தானில் ஆல்வாரில் 1956-இலேயே 50.6. அதை 2016-இல் பலோடி 51 தொட்டு மிஞ்சியது. ஆக, உச்ச எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் உங்கள் கட்சிதான் ஜெயிக்கும்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த 1960-களில் ராத்திரி எங்கே படுத்தீர்கள்? அடுத்த கேள்விக்கான பதிலையும் படியுங்கள்.

கேள்வி: பகல் வெயிலைக்கூட எப்படியோ ஓட்டிவிடுகிறோம். ராத்திரி ஒரு மணிக்கும் சுவர் கொதிக்கிறது. தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கிறது. முன்பு இப்படி இல்லையே?
— முனிர்க்கா வாசகி

பதில்: தபாலில் வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். 2024 ஜூன் 19-ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலை 35.2 டிகிரி. குறைந்தபட்சம்! விடியற்காலையில், ஊரே சற்று ஆறியிருக்க வேண்டிய நேரத்தில் அந்த அளவு. வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஓர் எண்ணை நான் பதிவேட்டில் எழுத நேர்ந்திருந்தால், கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பேன்.

காரணம் பெரும்பாலும் நம் கையால் கட்டியது. மண் தரையும் மரமும் சாயங்காலம் சூட்டை விட்டுவிடும். கான்கிரீட், தார் ரோடு, செங்கல் சுவர் பகலெல்லாம் வாங்கி வைத்ததை ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். முனிர்க்கா மாதிரி இடத்தில் நாலு மாடி வீடுகள் கையெட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு சுவர் விட்ட சூட்டை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது, வானத்துக்குப் போக வழியில்லை. போதாததற்கு ஒவ்வொரு ஏசியும் உள்ளே இருந்த சூட்டைச் சந்துக்குள் தள்ளுகிறது. கரன்ட் செலவழித்த சூடும் அதோடு சேர்த்தி. ஏசி இல்லாதவர் ஜன்னலுக்குத்தான் அது போய்ச் சேரும். இவை உள்ளூர்க் காரணங்கள். மேலே கரியமில வாயு கூடியிருப்பதும், காற்றில் ஈரம் கூடியிருப்பதும் தரையின் சூடு ராத்திரியில் வெளியேறுவதைத் தடுக்கின்றன.

கரோல் பாக் அண்ணாவிடம் கேட்டது இதற்குத்தான். அந்த நாளில் பர்சாத்தி வீடுகளில், அதாவது மொட்டைமாடியில் ஒற்றை அறை கட்டிய வீடுகளில், சாயங்காலம் ஆனதும் மாடித் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிப்பார்கள். தரை ‘சுர்’ரென்று ஆவி விடும். ஒன்பது மணிக்கு சார்பாய்க் கட்டில்கள் வரிசையாக மேலே ஏறும், கொசுவலை கட்டுவார்கள். நடுராத்திரியில் ஆந்தி என்கிற புழுதிப்புயல் வந்து மண்ணை வாரி அடித்தால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் மாடிப்படியில் உருள்வோம். கஷ்டம்தான், ஆனால் உடம்பு ஆறியது. இன்று அதே மாடியில் தண்ணீர்த் தொட்டிகளும் ஏசியின் வெளிப்பெட்டிகளும் மொபைல் டவரும் இருக்கின்றன.

பகலில் சூடேறிய உடம்பைத் தணிக்க இதயம் தோலுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ராத்திரியில்தான் அதற்கு ஓய்வு. அந்த ஓய்வு இரண்டு மூன்று நாள் கிடைக்காவிட்டால் வயதானவர்களும் இதய நோயாளிகளும் சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களும் திணறிவிடுவார்கள். அதனால்தான் பகல் 40-ஐத் தொட்டு, ராத்திரிக் கணக்கு இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ‘வெப்ப இரவு’ என்று வானிலைத் துறை தனியாக எச்சரிக்கை தருகிறது. செய்தியில் அதைக் கடைசி வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதை முதலில் தேடுங்கள்.

செய்யக்கூடியது: கடைசி மாடியில் இருந்தால், வீட்டுக்காரரைக் கெஞ்சியாவது மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். ஏப்ரலிலேயே அடித்துவிட வேண்டும். கீழே கூரையைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். பகலில் ஜன்னலைச் சாத்தித் திரை போடுங்கள். வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே திறங்கள். தூங்குமுன் கைகால் நனைத்து, ஈரத் துண்டோடு ஃபேன் கீழே படுங்கள். பெரியவர்களைக் கீழ்த்தளத்தில் படுக்க வையுங்கள்.

கேள்வி: ஃபோன் 41 என்கிறது, டிவி 44 என்கிறது, ஆட்டோக்காரர் 50 என்று சத்தியம் செய்கிறார். 2024-இல் நம் தில்லி முங்கேஷ்பூரில் 52.9 என்று சொல்லிவிட்டு அப்புறம் இல்லை என்றார்கள். யாரை நம்புவது?
— மயூர் விஹார் வாசகர் (உங்கள் பக்கத்துக் குடியிருப்பு பாக்கெட்தான்)

பதில்: பக்கத்து பாக்கெட் என்றால் வந்து காபி குடித்துவிட்டே கேட்டிருக்கலாமே!

வானிலைத் துறையின் எண் நிழல் எண். புல்தரை மேல் ஒரு வெள்ளை மரப்பெட்டி, ஏறக்குறைய நாலடி உயரக் காலில் நிற்கும். நாலு பக்கமும் சாய்வான பலகைச் சட்டங்கள்: காற்று போய்வரும், வெயில் உள்ளே விழாது. கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போதும் சூரியன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு, முதலில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை வாசித்துவிட வேண்டும், முழு எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் மனிதன் நின்றாலே பாதரசம் அசையும். இவ்வளவு பத்தியமாக எடுத்த எண் 44 என்றால், தார் ரோட்டில் வெயிலில் நிற்கிற ஆட்டோக்காரரின் 50-ம் அவரளவில் பொய்யில்லை. அவர் தரையின் சூட்டையும் இன்ஜின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறார்.

முங்கேஷ்பூர் விஷயம்: 2024 மே 29 அன்று அங்கிருந்த தானியங்கிக் கருவி 52.9 காட்டியது. பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்த சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று துறையே அறிவித்தது. அதை வைத்துக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் மரியாதைதான் வந்தது. கழித்துப் பார்த்தாலும் 50-க்கு அருகில்! அன்றே சஃப்தர்ஜங்கில் 46.8, எழுபத்தொன்பது ஆண்டுகளில் அதிகம்.

அந்த மரப்பெட்டிக்குள் இன்னொரு தெர்மாமீட்டர் உண்டு. குமிழைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணி, அதிலிருந்து ஒரு திரி சின்னக் குப்பித் தண்ணீருக்குள் இறங்கும். துணி ஈரமாக இருப்பதால் ஆவியாகிக் குமிழைக் குளிரவைக்கும். அது காட்டுகிற எண்ணைத்தான் ‘ஈரக்குமிழ்’ என்போம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் நம் வியர்வை வேலை செய்வதும் இதே கணக்குதான். காற்று வறண்டிருந்தால் ஈரக்குமிழ் நன்றாக இறங்கும், ஈரமாக இருந்தால் இறங்காது. வெளியே 44, ஈரக்குமிழ் 24 என்றால் தண்ணீர் குடித்து நிழலில் இருந்து சமாளிக்கலாம். வெளியே 36-தான், ஆனால் ஈரக்குமிழ் 30 என்றால் அது மோசமான நாள். ஜூலையில் மழை வராமல் மேகம் மட்டும் நிற்கும் நாட்கள் அப்படித்தான். ஈரக்குமிழ் 35 போனால் ஆரோக்கியமான மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2022-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்தார்கள். ஈரமான சூட்டில் சுமார் 31-லேயே உடம்பு கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கியது. இளைஞர்களுக்கே அந்தக் கதி.

கேள்வி: ஜூன் முதல் வாரம்வரை பிரமாதமாக இருந்த கூலர் ஜூலையில் ஏன் வேலை செய்வதில்லை? மெக்கானிக் மோட்டார் மாற்றச் சொல்கிறார்.
— ஜனக்புரி வாசகர்

பதில்: மோட்டாரை மாற்றாதீர்கள். மேலே சொன்ன ஈரத்துணிக் கதைதான். மழைக்காற்று வந்தபின் தண்ணீர் ஆவியாகாது, கூலர் வெறும் சத்தம் போடும். ஜன்னலைத் திறந்து வைத்து, தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனாக மட்டும் ஓட்டுங்கள். தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

கேள்வி: ஐயா, நான் நாலு வீட்டில் சமையல் செய்கிறேன். ஹாலில் ஏசி ஓடும், சமையலறையில் ஃபேன்கூட இல்லை. போன வாரம் தலை சுற்றி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எது சாதாரண மயக்கம், எது ஆபத்து? (என் மகள் எழுதுகிறாள்.)
— ஜங்புரா பக்கம் வேலை பார்க்கும் அம்மா

பதில்: எழுதிக் கொடுத்த மகளுக்கு நன்றி. அம்மா, தலைசுற்றல், வாந்தி வருகிறாற்போல் இருப்பது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, நிறைய வியர்வை: இவை வந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு ஃபேன் இருக்கும் இடத்துக்குப் போய்க் காலை நீட்டிப் படுங்கள். யார் என்ன சொன்னாலும் சரி. முகம், கழுத்து, கையை நனையுங்கள். குடிக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்பு போட்ட மோரும் நல்லதே. அரைமணியில் தெளியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, வலிப்பு, உடம்பு தொட்டால் கொதிப்பது — இது வேறு. ‘ஹீட் ஸ்ட்ரோக்’ இதுதான். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐஸ் இருந்தால் அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. முதலில் குளிர வைப்பது, அப்புறம்தான் மற்றதெல்லாம். 2024 மே மாதம் தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் ஹீட் ஸ்ட்ரோக்குக்கென்றே தனிப் பிரிவு திறந்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நோயாளியைப் படுக்கவைக்கும் ஏற்பாடு செய்தார்கள். அதன் தத்துவமும் இதேதான்.

இனி எழுதுவது அந்த நாலு வீட்டுக்காரர்களுக்கு. அவர்களில் சிலராவது இந்தப் பத்திரிகை வாங்குவார்கள். வேலை செய்கிற அம்மாக்கள் பலர் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்த விடமாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். ஜீவாதாரமான தண்ணீரை ஒருவர் இதற்காகத் தள்ளிப்போடுவது நம் வீட்டில் நடக்கிறது என்றால், ஐஸ் வாட்டர் நீட்டிவிட்டுத் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. கழிவறையைத் திறந்துவிடுங்கள். சமையலறையில் ஒரு சுவர் ஃபேன் மாட்டுங்கள், அடுப்புத் தீயில் படாத கோணத்தில். மே, ஜூனில் சமையலைக் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, பன்னிரண்டு மணிக்குப் பூரி பொரிக்கச் சொல்லாதீர்கள். 2024 மே மாதம் தில்லியில் கட்டட வேலையாட்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை சம்பளத்தோடு ஓய்வு தரச் சொல்லி உத்தரவு வந்தது. உங்கள் சமையலறைக்குள் வந்து உத்தரவு போட யாரும் வரப்போவதில்லை.

கேள்வி: ஐரோப்பாவில் 38, 40 டிகிரிக்கே ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். நாம் 45-இல் கல்யாணத்துக்குப் போகிறோம். அவர்கள் உடம்பு அவ்வளவு பலவீனமா? என் பெண் பிராங்க்பர்ட்டில் இருப்பதால் கேட்கிறேன்.
— நொய்டா வாசகி

பதில்: பழக்கம் ஒரு காரணம். குளிரை அடைத்து வைக்கக் கட்டிய வீடுகள் இன்னொன்று, அவை சூட்டையும் அடைத்து வைக்கும். தனியாக வாழும் முதியவர்கள் அதிகம். 2003 கோடையில் ஐரோப்பா முழுக்க 70,000-க்கு மேல் இறந்தார்கள். பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 15,000. 2022 கோடையில் 60,000-க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். உங்கள் பெண்ணிடம் ஒரு நல்ல ஃபேனும் வெளிப்பக்கம் மாட்டும் ஜன்னல் மறைப்பும் வாங்கச் சொல்லுங்கள், கடையில் தீர்வதற்கு முன்னால்.

நம்மைப் பற்றி நீங்கள் பெருமைப்படுவதில்தான் எனக்குச் சங்கடம். அவர்கள் எண்ணுகிற முறை வேறு. வழக்கமாக அந்த மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த முறை எத்தனை பேர் என்று கழித்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் சான்றிதழில் ‘வெப்பத் தாக்கு’ என்று எழுதினால்தான் கணக்கு; மாரடைப்பு, சிறுநீரகம் என்று எழுதிவிட்டால் வெயில் தப்பித்துவிடும். அகமதாபாத்தில் 2010 மே மாதத்துக்கு அந்த ஐரோப்பியக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் சாவு 1,344 வந்தது. ஒரு நகரம், ஒரு மாதம். அதற்கப்புறம்தான் 2013-இல் அங்கே வெப்ப நடவடிக்கைத் திட்டம் வந்தது, தெற்காசியாவிலேயே முதலாவது: முன்னெச்சரிக்கை, மருத்துவமனை ஏற்பாடு, குடிநீர்ப் பந்தல் எல்லாம் சேர்த்து. பழகியவர்களும் சாகிறார்கள் என்பதற்கு 2024 ஹஜ் போதும். மக்காவில் 50-ஐத் தாண்டிய வெயில்; 1,301 யாத்ரீகர்கள் இறந்ததாக சவூதி அரசே சொன்னது. 2023 ஏப்ரலில் நவி மும்பை கார்கரில் திறந்தவெளியில் நடந்த விருது விழாவில் உட்கார்ந்திருந்த 14 பேர் இறந்தார்கள். கடற்கரை ஊர், 40 டிகிரிகூட வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் போங்கள், மாலை முகூர்த்தமாகப் பார்த்து.

கேள்வி: தாத்தா, வெயிலில் மிருகங்களும் பறவைகளும் என்ன செய்யும்? எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பருந்து விழுந்துவிட்டது.
— ஏழாம் வகுப்பு மாணவி, லோதி எஸ்டேட்

பதில்: கண்ணா, தில்லிப் பருந்துகள் நாள் முழுக்க மேலே வட்டமிடுபவை. தண்ணீர் கிடைக்காமல் உடல் வற்றி விழுந்துவிடும். விழுந்த பறவையின் வாயில் தண்ணீரை ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு துணியால் மூடி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், நிழலில் வை. பெரியவர்கள் பறவை மருத்துவமனைக்குக் கூப்பிடட்டும். மொட்டைமாடியில் அகலமான மண் தட்டில் தண்ணீர் வைக்கலாம். நடுவில் ஒரு கல் போட்டு வை, சின்னக் குருவி அதில் நின்று குடிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

இன்னொரு கதை சொல்கிறேன். கஜகஸ்தான் புல்வெளியில் சைகா என்று ஒரு மான் வகை. மூக்கு தொங்கிக்கொண்டு பார்க்க வேடிக்கையாக இருக்கும். 2015 மே மாதம், குட்டி போடும் சமயத்தில், மூன்று வாரத்துக்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தன. துப்பாக்கி இல்லை, விஷம் இல்லை. அவற்றின் தொண்டையில் எப்போதும் சாதுவாகக் குடியிருக்கிற ஒரு பாக்டீரியா, அந்த வாரங்களில் வழக்கத்துக்கு மீறிய சூடும் ஈரமும் சேர்ந்தபோது ரத்தத்துக்குள் புகுந்துவிட்டது. பயப்படாதே, பிறகு வேட்டையைத் தடுத்துக் காப்பாற்றியதில் அவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

லீவுக்குச் சென்னை போனால், பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறவர்களைப் பார். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு வடபகுதியில் வளரும் இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளைக்கு எங்கே போகும்?

கேள்வி: இமயமலைப் பனி உருகினால் யமுனையில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? எங்கள் குழாயில் ஏன் காற்று வருகிறது?
— சரோஜினி நகர் வாசகர்

பதில்: குழாயில் காற்று வருவதற்குப் பைப் ஒழுகலும், ஹரியானாவோடு உள்ள தண்ணீர்ச் சண்டையும்தான் உடனடிக் காரணங்கள். பனியின் கணக்கு நீண்ட நாள் கணக்கு. காத்மாண்டுவிலுள்ள இசிமோட் மலை ஆய்வு மையம் 2023-இல் சொன்னது: 2011–2020-இல் இந்து குஷ் இமயமலைப் பனியாறுகள் முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. வைப்புநிதியை உடைத்துச் செலவு செய்யும்போது கொஞ்ச காலம் கையில் பணம் புரளும். ஆற்றுத் தண்ணீரும் இந்த நூற்றாண்டின் நடுவில் உச்சம் தொட்டுப் பிறகு குறையும் என்பது கணிப்பு. அதற்குள் வேறொரு தொல்லை: உருகிய நீர் மலை மேலே ஏரியாகத் தேங்கி உடைவது. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தாவில் ஓர் அணையையே அடித்துக்கொண்டு போனது.

கேள்வி: வெயிலுக்கும் ஆட்டா விலைக்கும் சம்பந்தமுண்டா?
— லாஜ்பத் நகர் வாசகி

பதில்: உண்டு. 2022 மார்ச், 1901-இலிருந்து பதிவான மார்ச்களிலேயே சூடானது. கோதுமைக்கதிரில் பால் பிடிக்கிற நேரம் அது. சூடு பட்டதும் மணி சுருங்கிவிட்டது. மே 13 அன்று அரசு ஏற்றுமதியையே நிறுத்தியது. இட்லிக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், நெல்லுக்கும் பூக்கும் சமயத்தில் சூடு ஆகாது.

கேள்வி: இவ்வளவும் படித்தபின் ஏசி வாங்கக் கூச்சமாக இருக்கிறது. வாங்கலாமா?
— துவாரகா வாசகர்

பதில்: வீட்டில் எண்பது வயது அம்மா இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். 2020-இலிருந்து ஸ்டார் போட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று விதி. 26-இல் வைத்து சீலிங் ஃபேனையும் போட்டால் போதும். 18-இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்பவரைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். வெளிப்பெட்டியை எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக மாட்டாதீர்கள்.

கேள்வி: மழை எப்போது?
— தபால் அட்டை, முகவரி இல்லை

பதில்: தில்லிக்குப் பருவமழையின் வழக்கமான தேதி ஜூன் 27. 2024-இல் ஒரு நாள் தள்ளி 28-ஆம் தேதி வந்தது, வந்த அன்றே சஃப்தர்ஜங்கில் 228 மி.மீ. கொட்டிவிட்டது. ஜூன் மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதைப்போல மூன்று மடங்கு. ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும், கொட்டும்போதும் அப்படித்தான் கொட்டும். மாடி வடிகால் குழாயில் அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள். மழைக் கேள்விகளை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள், இந்த முறை முகவரியோடு.